கோதண்டம் என்கிற புலி இளைத்த கதை

ஒரு காட்டில் ஒரு புலி இருந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தது.

அதன் பெயர் கோதண்டம். வயது அதிகமில்லை. பல் எல்லாம் பத்திரமாக இருந்தது, நகமும் கூர்தான். தொப்பைதான் பிரச்சினை. ஒரு மானைத் துரத்த ஆரம்பித்தால் மானுக்குப் பின்னால் புலியும், புலிக்குப் பின்னால் புலியின் தொப்பையும் ஓடி வர வேண்டியிருந்தது. பாதி வழியிலேயே நின்று ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இது எப்படி நேர்ந்தது என்று கேட்பீர்கள். காட்டின் ஓரத்தில் ஓர் அருவி. குளிக்க வருகிறவர்களை நம்பிப் பரோட்டாக் கடைகள், பரோட்டாவை நம்பி அல்வாக் கடைகள். அங்கே மிஞ்சுவதை எல்லாம் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து கோதண்டத்திடம் கொடுப்பது பிச்சையா என்ற குரங்கின் வேலை. யாரும் அதை அந்த வேலைக்கு வைக்கவில்லை. பரோட்டா கொண்டுவருகிற குரங்கைப் புலி தின்னாது என்று அதுவாகக் கண்டுபிடித்து வைத்திருந்தது. ஆக கோதண்டம் மத்தியானம் மான் கிடைத்தால் மான் சாப்பிடும், சாயங்காலம் சால்னாவில் ஊறிய பரோட்டா சாப்பிடும், அதன் மேல் வாய்க்கு இதமாக அல்வா. பிறகு படுத்துக்கொள்ளும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாரைப் பார்த்தாலும் முதலில் "சாப்ட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். நம் ஊரிலும் கேட்கிறோம். பதிலைக் காதில் வாங்காமலே அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம். அங்கே அப்படி இல்லை. புலியைப் பார்த்து "சாப்ட்டாச்சா அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை எல்லாரும் ஒரு காலைத் தூக்கியபடியே நிற்பார்கள். "ஆச்சு" என்று வந்தால் காலைக் கீழே வைத்து மேயலாம். "இல்ல" என்று வந்தால் அந்தக் கால் ஏற்கெனவே ஓடத் தயாராகத்தான் இருக்கிறது. கோதண்டம் இந்த விஷயத்தில் மட்டும் பொய் சொன்னதே கிடையாது. மற்ற குணங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை, ஆனால் இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

காட்டுக்கு நடுவே ஓர் ஓடை ஓடியது. இந்தப் பக்கம் புலி, அந்தப் பக்கம் மான்கள். முன்பெல்லாம் ஒரு தாவலில் தாண்டுகிற ஓடைதான். தொப்பை வந்த பிறகு கோதண்டம் பாலத்தைச் சுற்றிக்கொண்டு வரும். அது வந்து சேர்வதற்குள் மான்கள் மேய்ந்து முடித்து, அசை போட்டு, குடும்பச் சண்டை ஒன்றையும் முடித்துவிட்டுக் கிளம்பிவிடும். கண் தெரியாதது, காது கேளாதது, அசட்டையாக இருந்தது என்று எப்போதாவது ஒன்று மாட்டும். அதை விதி என்று விட்டுவிட்டார்கள்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கோதண்டத்துக்கு நெஞ்சு படபடவென்று அடித்தது. டாக்டரைப் பார்க்கப் போயிற்று.

டாக்டர் தவமணி என்பது ஒரு கொக்கு. குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்று வைத்தியம் பார்க்கும். கோதண்டம் போனபோது நீளமான வரிசை நின்றது. வரிசையின் கடைசியில் புலியும் மரியாதையாக நின்றுகொண்டது. முன்னால் இருந்த ஆடு திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்க முன்னாடி போங்க அண்ணாச்சி, எனக்கு இப்ப தேவல" என்றது. அதற்கு முன்னால் இருந்த முயலுக்கும் தேவலையாகிவிட்டது. கால் ஒடிந்து வந்திருந்த காட்டுப்பன்றி நாலு காலில் ஓடியது. டாக்டர் தவமணியின் வைத்தியத்தில் அத்தனை பேர் ஒரே சமயத்தில் குணமானது அதுதான் முதல் தடவை.

டாக்டர் புலியின் நெஞ்சில் அலகை வைத்துக் கேட்டது.

"இப்படியே போனா தாங்காது. மாமிசம், மைதா, இனிப்பு, எல்லாத்தையும் விட்டுரணும். ஒரேயடியா. முழுசா."

"மீனு?" என்றது கோதண்டம், டாக்டரின் அலகிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த வாலைப் பார்த்து.

டாக்டர் வாலை விழுங்கியது. "மீன் வேற. அது தண்ணிக்குள்ள முளைக்குறது. உமக்குச் சொன்னதை நீர் கேளும்."

"இன்னைக்கேவா விடணும்? திங்கக்கிழமையிலேருந்து விடுதேனே."

"சரி, திங்கக்கிழமை" என்றது டாக்டர். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

புலிக்குத் திங்கட்கிழமை எப்படித் தெரியும் என்று குறுக்கே கேட்காதீர்கள். அருவியில் கூட்டம் இல்லாத நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய நாள் ஞாயிற்றுக்கிழமை. நாளையிலிருந்து ஒன்றும் தின்னக் கூடாது என்று முடிவு செய்துவிட்ட ஒரு ஜீவன் இன்றைக்கு என்ன செய்யும்? உங்களுக்கே தெரியும். நீங்களும் செய்திருப்பீர்கள். கோதண்டம் அந்த ஞாயிற்றுக்கிழமை பாலத்தைச் சுற்றிக்கொண்டு மூச்சிரைக்க மூச்சிரைக்க வந்து, கையில் கிடைத்ததை எல்லாம் "இதுதான் கடைசி, இதுதான் கடைசி" என்று சொல்லிக்கொண்டே தின்றது. அன்றைக்குப் போனவர்களில் அமிர்தவல்லி என்ற புள்ளிமானின் நாத்தனாரும் ஒருத்தி. பேச்சுவார்த்தை இல்லாத நாத்தனார்தான். ஆனாலும் அமிர்தவல்லி அழுதாள். திட்டுவதற்கு என்று வீட்டில் இருந்த ஒரே ஆள் அவள்தான்.

திங்கட்கிழமை கோதண்டம் புல் தின்றது. காடே கூடி நின்று பார்த்தது. முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒவ்வொரு புல்லாகத் தின்றதைப் பார்த்துச் சில பேர் கைகூடத் தட்டினார்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பசி தாங்கவில்லை. பக்கத்தில் நின்று கைதட்டிக்கொண்டிருந்த ஒரு முயலைப் பிடித்துத் தின்றுவிட்டது. தின்றதும் அதற்குத் தாங்க முடியாத துக்கம்.

"கெட்டுப்போச்சே! எல்லாம் கெட்டுப்போச்சே!" என்று அழுதது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கெட்டது கெட்டுட்டு. இந்த வாரம் போகட்டும். அடுத்த திங்கக்கிழமையிலேருந்து முழுசா இருப்போம்" என்றது. அந்த வாரம் முழுக்கக் காட்டில் ஓலம்.

மூன்றாவது திங்கட்கிழமைக்குள் விஷயம் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கெட்ட புலியாக இருந்தபோது மாதத்துக்கு ஒருவர் போனார்கள். நல்ல புலியாக மாற ஆரம்பித்த பிறகு வாரத்துக்கு ஒரு குடும்பம் போகிறது.

அமிர்தவல்லி நேராக டாக்டர் தவமணியிடம் போனாள். (மானை 'அது' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இந்தக் கதையில் மூளை உள்ளது அவள் ஒருத்திதான்.)

"டாக்டர், உங்க வைத்தியத்துல நாங்க செத்துக்கிட்டிருக்கோம்."

"நோயாளி நீ இல்லையேம்மா."

"மருந்து நாங்கதான டாக்டர்? அதான் சொல்லுதேன். அண்ணாச்சிகிட்ட முழுசா விடச் சொல்லாதீங்க. பையப் பையக் குறைக்கச் சொல்லுங்க. ஒருநாள் தவறுனா பரவாயில்லைன்னு சொல்லுங்க. நூத்துக்கு நூறு வேண்டாம்னு சொல்லுங்க."

டாக்டர் காலை மாற்றி நின்று யோசித்தது. "பையப் பையன்னா எப்படி?"

"பசிச்ச உடனே பாயக் கூடாது. முதல்ல தண்ணி குடிக்கணும். குடிச்சிட்டுக் கொஞ்சம் நடக்கணும். நடந்துட்டுக் கொஞ்சம் பச்சை இலை திங்கணும். அதுக்கு மேலயும் பசிச்சா சாப்பிடட்டும், யாரு வேண்டாம்னா?"

"நல்லாத்தான் இருக்கு. எங்க படிச்சே?"

"என் நாத்தனாரு செத்துட்டா டாக்டர்" என்றாள் அமிர்தவல்லி. டாக்டர் அன்றைக்கே கோதண்டத்தைக் கூப்பிட்டு வைத்தியத்தை மாற்றிச் சொன்னது.

புது வைத்தியம் கோதண்டத்துக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எதையுமே விட வேண்டாம் என்று ஒரு டாக்டர் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்காது? தினமும் காலையில் ஓடைக்கு இந்தப் பக்கம் கோதண்டம் வந்து நிற்கும். அந்தப் பக்கம் அமிர்தவல்லி நிற்பாள். பயிற்சி நடக்கும்.

"அண்ணாச்சி, நேத்து எத்தனை பரோட்டா?"

"வழக்கம்போலத்தான் தங்கச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும் மிச்சம் வச்சேன்."

"அது போதும். அதுவே பெரிசு. சால்னா?"

"அதைக் கேக்காத."

"சரி, கேக்கலை."

நடையைக் கணக்குப் பார்க்க பிச்சையா ஒரு கைப்பட்டை கொண்டுவந்து கொடுத்தது. குளிக்க வந்த யாரோ கழற்றி வைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார்களாம். காலில் ஏறவில்லை என்பதால் கோதண்டம் அதை வாலில் மாட்டிக்கொண்டது. படுத்துக்கொண்டே வாலால் ஈ ஓட்டினால் பட்டை அதையும் நடை என்று எண்ணிக்கொண்டது. "தங்கச்சி, இன்னைக்கு நடை முடிஞ்சுட்டு" என்று பாறை மேல் படுத்தபடி கோதண்டம் கத்தும். "ரொம்ப நல்லது அண்ணாச்சி" என்பாள் அமிர்தவல்லி. நூற்றுக்கு நூறு வேண்டாம் அல்லவா?

ஆனால் இந்த வைத்தியத்தின் உண்மையான ருசி வேறு இடத்தில் இருந்தது. ஒருநாள் கோதண்டம் ஒரு முயலின் கழுத்தைப் பிடித்துவிட்டது. முயல் சாகப் போகிற நேரத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டது.

"அண்ணாச்சி, தண்ணி குடிச்சியளா?"

கோதண்டம் யோசித்தது. "இல்லையே."

"டாக்டர் சொன்னாங்களே."

"ஆமா, சொன்னாங்க" என்று முயலைக் கீழே வைத்தது. "இங்கனயே நில்லு, குடிச்சுட்டு வாரேன்." ஓடைக்குப் போய்க் குடித்துவிட்டு வந்து பார்த்தால் முயல் நின்ற இடத்தில் முயலின் நன்றி மட்டும் இருந்தது.

காடு முழுக்க இந்தச் செய்தி பரவியது. குட்டிகளுக்கு அம்மா, அப்பா என்று சொல்லிக் கொடுப்பதற்கு முன்னால் "தண்ணி குடிச்சியளா" என்று சொல்லிக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தால் "நடந்தியளா?" என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார். நடந்துவிட்டு வந்தால் "பச்சை இலை?" என்று மரத்திலிருந்து ஒரு குரல் வரும். இதற்குள் சூரியன் சாய்ந்துவிடும், கோதண்டம் கிடைத்த பரோட்டாவைத் தின்றுவிட்டுத் தூங்கிவிடும். அதற்காகப் புலி பட்டினி கிடந்தது என்று நினைக்க வேண்டாம். மறதிக்காரர்கள் எல்லாக் காட்டிலும் இருக்கிறார்கள்.

இப்படியே மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. நாலு பரோட்டா மூன்றாகி, மூன்று ஒன்றாகியது. அல்வா வாரத்துக்கு ஒரு வில்லை, அதற்கு மேல் கொடுக்காதே என்று அமிர்தவல்லி பிச்சையாவிடம் சொல்லி வைத்திருந்தாள். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு தின்ற கீரையைப் பிறகு கோதண்டம் தானாகவே தேடித் தின்ன ஆரம்பித்தது. இன்ன மலைச்சரிவுக் கீரைக்குத்தான் ருசி என்றுகூடப் பேசியது. வரப் போக ஓடைக்கு நடந்ததில் வயிறு உள்ளே போய்விட்டது. கைப்பட்டை இப்போது காலிலேயே ஏறியது.

"இளைச்சுட்டியளே அண்ணாச்சி!" என்று எல்லாரும் சொன்னார்கள்.

"எல்லாம் தங்கச்சியாலதான்" என்றது கோதண்டம். அமிர்தவல்லிக்குப் பெருமை தாங்கவில்லை. மற்ற மான்களிடம், "கடிஞ்சு பேசுனா யாரும் திருந்த மாட்டாங்க. அன்பாப் பேசணும்" என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்திருந்தாள். இது நல்லதுக்கில்லை என்று நான் அப்போதே சொன்னேன். ஆனால் கதை சொல்கிறவன் பேச்சை யார் கேட்கிறார்கள்?

ஒருநாள் காலை வழக்கம்போல ஓடைக்கு இந்தப் பக்கம் கோதண்டம், அந்தப் பக்கம் அமிர்தவல்லி.

"சாப்ட்டாச்சா அண்ணாச்சி?"

"இன்னும் இல்ல தங்கச்சி" என்றது கோதண்டம். சொல்லிவிட்டுச் சும்மா தாவிப் பார்த்தது. ஓடையைத் தாண்டி அமிர்தவல்லிக்கு முன்னால் வந்து நின்றது. அதற்கே ஆச்சரியம். திரும்பி ஓடையைப் பார்த்தது, தன் காலைப் பார்த்தது. "அடேயப்பா! பாலமே வேண்டாம் போலிருக்கே!"

அமிர்தவல்லி ஓடினாள். கோதண்டம் துரத்தியது. எந்த மரத்தையும் பிடிக்கவில்லை, மூச்சும் வாங்கவில்லை. ஆலமரத்துக்கு அந்தப் பக்கம் அவள் போய்ச் சேர்ந்தபோது அது அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. ஒரே தட்டு. அமிர்தவல்லி கீழே விழுந்தாள். கழுத்தின் மேல் பட்டை கட்டிய கால்.

"அண்ணாச்சி" என்றாள். "தண்ணி குடிச்சியளா?"

"விடியக்காலையிலயே குடிச்சாச்சு தங்கச்சி."

"நடை?"

"மலை உச்சி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்."

"பச்சை இலை?"

"ரெண்டு வகை."

அமிர்தவல்லிக்குக் கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அத்தனையையும் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான், ஒன்றுவிடாமல் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறது புலி. கண் இருட்டியது. நாத்தனாரின் முகம் தெரிந்தது. 'வா, வா, உனக்காகத்தான் உட்கார்ந்திருக்கேன்' என்று அந்த முகம் சிரித்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அமிர்தவல்லிக்கு ஆத்திரம் வந்தது. ஆத்திரத்தில் ஒரு யோசனையும் வந்தது.

"ஐயையோ அண்ணாச்சி! மோசம் போயிட்டியளே!"

"என்ன?"

"தண்ணியும் குடிச்சு, நடந்தும் முடிச்சு, இலையும் தின்னு... ஒண்ணுகூட விட்டுப் போகலையே! இப்ப என்னையும் சாப்ட்டுட்டா எல்லாம் முழுசால்ல ஆயிரும்?"

"ஆனா என்ன?"

"நூத்துக்கு நூறு கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்களா, இல்லையா? முன்னாடி முழுசா இருக்கணும்னு நினைச்சுத்தான ஒவ்வொரு வாரமும் கெட்டுது? ஒரு நாளைக்கு ஒண்ணாவது விட்டுப் போகணும். அப்பத்தான் உடம்புல ஒட்டும்."

கோதண்டத்தின் முகம் வாடியது. பழைய செவ்வாய்க்கிழமைகள் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "இப்ப எதை விடுதது? குடிச்ச தண்ணியத் துப்ப முடியுமா? நடந்ததைத் திருப்பி நடக்க முடியுமா?"

"முடியாதுதான்."

கோதண்டம் ரொம்ப நேரம் யோசித்தது. அமிர்தவல்லி கழுத்தில் அந்தக் காலின் கனத்தோடு யோசனை முடியக் காத்திருந்தாள்.

"மிச்சம் இருக்கிறது சாப்பாடு ஒண்ணுதான்" என்றது கோதண்டம் கடைசியில், பெருமூச்சோடு. "சரி, இன்னைக்கு அதை விட்டுருதேன்." காலை எடுத்தது.

அவள் தட்டுத் தடுமாறி எழுந்து நின்றாள். கோதண்டத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. "மனசு லேசா இருக்கு தங்கச்சி. இது நல்ல முறையாத்தான் இருக்கு. நாளைக்கு வேற ஒண்ணை விடுதேன். நாளைக்குத் தண்ணிய விட்டுருதேன்."

அமிர்தவல்லி அன்றைக்கு ஓடிய ஓட்டத்தைக் காட்டில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். அவள் ஓடியது வீட்டுக்கு இல்லை. அருவிக்கரைக்கு, பிச்சையாவிடம்.

"ஏ பிச்சையா, அல்வா வேணும்."

"நீதான கொடுக்காதன்னு சொன்னே?"

"நான்தான் சொன்னேன். இப்ப நான்தான் கேக்குதேன். நெய் கையில வழியணும்."

மறுநாள் விடியற்காலையில், கோதண்டம் தண்ணீர் குடிக்காமல் கிளம்புவதற்கு முன்பே, அதன் பாறையின் மேல் வாழை இலையில் ஓர் அல்வா இருந்தது. சின்ன வில்லைதான்.

"என்ன தங்கச்சி இது?" என்று ஓடைக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்துக் கேட்டது.

"நேத்து ஒண்ணை விட்டியளே, அதுக்குப் பரிசு!" என்று மான்கூட்டமே சேர்ந்து கத்தியது.

ஒரேயடியாகக் கொடுத்தால் சந்தேகம் வரும் என்று அமிர்தவல்லிக்குத் தெரியும். பையப் பையத்தான் கொடுத்தாள். இந்த வாரம் ஒரு வில்லை, அடுத்த வாரம் அதோடு ஒரு பரோட்டா. ஒருநாள் கொண்டுவர மறந்துவிட்டால் மனம் உடைந்து போகவில்லை, மறுநாள் தொடர்ந்தாள். மழை பெய்தால் "இன்னைக்கு எங்கன போய் நடப்பிய? படுங்க அண்ணாச்சி" என்று அக்கறையாகச் சொன்னாள். கைப்பட்டை காலில் இறுகியது, பிறகு பழையபடி வாலுக்குப் போனது. வெயில் காலம் வருவதற்குள் ஓடை பழைய அகலத்துக்கு வந்துவிட்டது.

இப்போது சாயங்காலங்களில் அந்தப் பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். பாறை மேல் கோதண்டம் மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கும். எதிர்க்கரையில் மான்கள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்.

"சாப்ட்டாச்சா அண்ணாச்சி?"

"ஆச்சு, ஆச்சு."

எல்லாக் கால்களும் கீழே இறங்கும். ஆனால் போன வாரம் கோதண்டம் அதோடு நிற்கவில்லை. வயிற்றைத் தடவிக்கொண்டு, "மறுபடியும் தொப்பை போட்டுட்டு தங்கச்சி. வார திங்கக்கிழமையிலேருந்து முழுசா..." என்று ஆரம்பித்தது.

காட்டில் ஒரு வாய்கூட அசை போடவில்லை.

"முழுசாவா? அந்த வார்த்தையே வேண்டாம் அண்ணாச்சி!" என்று அமிர்தவல்லி முந்திக்கொண்டாள். "பையக் குறைப்போம். இன்னைக்கு அல்வாவுல மட்டும் பாதியக் குறைச்சுக்கிடுங்க, போதும்." மரத்தின் மேல் இருந்த பிச்சையாவைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். பிச்சையா எப்போதும் கொண்டுவருவதைப்போல் இரண்டு மடங்கு பெரிய பொட்டலத்தைக் கீழே இறக்கியது.

கோதண்டம் அதைச் சரிபாதியாகப் பிட்டு, ஒரு பாதியை மன உறுதியோடு ஒதுக்கி வைத்தது. மான்கள் கைதட்டின.

நீதி: உன்னைத் தின்ன வருகிறவனின் உடம்பைத் தேற்றாதே. தேற்றித்தான் ஆக வேண்டும் என்றால், நூற்றுக்கு நூறு வேண்டாம்.